அடி நிஜமா, நடிப்பு நிஜமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும், "என்னடா எழுதப் போறே? தன்னம்பிக்கையா, தாய்மொழியா?" என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். "குங்ஃபூ படத்தைப் பற்றி" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். போன வருஷம் எங்கள் அறையில் நடந்த ஒரு சம்பவத்திற்குப் பிறகு இதை எழுதாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

என் அறைத் தோழன் ஒருவன். பெயர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான்தான் அவனுக்கு என் போனில் 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' (1978) படத்தைப் போட்டுக் காட்டினேன். அசந்து போனான். அடுத்த பத்து நாளும் ராத்திரி ஒரு படம். "இதெல்லாம் நிஜம்டா. கிராபிக்ஸ் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அத்தனை பேரும் அசல் குங்ஃபூ வீரர்கள்" என்று அவனிடம் அடித்துச் சொன்னவனும் நான்தான். பதினோராம் நாள் காலையில், துணி துவைக்கிற கல்லின் மேல் ஒரு செங்கல்லைப் படுக்க வைத்துக் கையால் ஓங்கி வெட்டினான். செங்கல் அப்படியே இருந்தது. கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. லேத் பிராக்டிகலுக்குப் போக முடியவில்லை. அரியர் விழுந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "நீ நிஜம்னு சொன்னியேடா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவனுக்கு அன்று நான் சொல்லத் தெரியாமல் முழித்த பதிலைத்தான், இந்த ஒரு வருஷம் தேடிப் படித்து இங்கே எழுதுகிறேன்.

நம் விடுதியில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. ஒன்று, "எல்லாமே நிஜம்" கட்சி. நான் அதில் கொடி பிடித்தவன். இன்னொன்று, "எல்லாம் டூப்பு, கயிறு கட்டி இழுக்கறாங்க" என்கிற சீனியர்கள் கட்சி. இரண்டு கட்சியும் தப்பு என்பதுதான் என் கருத்து.

முதலில் சீனியர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

'36த் சேம்பர்' படத்தை இயக்கியவர் லாவ் கார்-லியுங். 2013-ல் காலமானார். இவருடைய அப்பா லாவ் சாம். லாவ் சாமின் குரு லாம் சாய்-விங். லாம் சாய்-விங்கின் குரு யார் தெரியுமா? சினிமாவில் நூறு முறையாவது வந்து போன வோங் ஃபெய்-ஹுங்! ஆம் நண்பர்களே, அவர் கற்பனைப் பாத்திரம் அல்ல. தென்சீனாவில் நிஜமாகவே வாழ்ந்த ஹுங் கார் பாணி ஆசான், வைத்தியர். அந்தக் குரு பரம்பரையில் வந்த வித்தையைத்தான் லாவ் கார்-லியுங் கேமரா முன் கொண்டுவந்து வைத்தார். கதாநாயகனாக நடித்த கார்டன் லியு சிறு வயதிலேயே லாவ் சாமிடம் பயின்று, அந்தக் குடும்பப் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டவர். அவர் நிற்கிற நிலையைப் பாருங்கள். அது ஒரு வாரத்தில் நடிகருக்குச் சொல்லிக் கொடுத்து வருகிற நிலை இல்லை.

இது லாவ் கார்-லியுங்கோடு ஆரம்பித்ததும் இல்லை. 1949-ல் ஹாங்காங்கில் குவான் தக்-ஹிங் நடித்து வோங் ஃபெய்-ஹுங் படவரிசை தொடங்கியது. அவர் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அந்த வேஷம் கட்டினார். அதற்கு முன் அங்கே சண்டைப் படம் என்றால் கையிலிருந்து மின்னல் பறக்கும், கத்தி தானாகப் பறந்து போகும். அதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, நிஜமான தென்சீனக் குத்துமுறைகளைத் திரையில் காட்டுவோம் என்று முனைந்த படங்கள் அவை.

ஜாக்கிசான் கதை வேறு. அவர், சம்மோ ஹங், யுவன் பியாவ் மூவரும் யூ ஜிம்-யுவன் என்ற ஆசிரியர் ஹாங்காங்கில் நடத்திய பீகிங் ஆப்பரா பள்ளியில் வளர்ந்தவர்கள். நம்ம ஊர் பழைய நாடகக் கம்பெனிகளில் பாய்ஸ் கம்பெனி என்று இருந்ததே, கிட்டத்தட்ட அது மாதிரி. பத்து வருஷ ஒப்பந்தம். விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும், தலைகீழாகக் கையில் நிற்க வேண்டும், தப்பு செய்தால் பிரம்படி. 'டிரங்கன் மாஸ்டர்' (1978) படத்தில் ஜாக்கிசான் தொங்கிக்கொண்டும் குனிந்துகொண்டும் படுகிற பாடு வெறும் நடிப்பு இல்லை. அந்த உடம்பு அப்படி உருவான உடம்பு. 1986-ல் வெளிவந்த 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடு உடைந்து, சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். இதை "டூப்பு" என்று சொல்ல எந்த சீனியருக்கும் தைரியம் வரக் கூடாது!

சரி, இப்போது என் கட்சிக்கு வருகிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது.

1954 ஜனவரியில் மக்காவ் நகரத்தில் நிஜமாகவே ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் தாய்ச்சி ஆசான் வூ கோங்-யி. இன்னொரு பக்கம் அவரைவிட வயதில் மிகவும் இளையவர், வெண்கொக்கு பாணி ஆசான் சான் ஹக்-ஃபூ. இரண்டு பாணிகளின் மானப் பிரச்சனை. ஆயிரக்கணக்கில் கூட்டம். இதைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் பார்க்கலாம். நான் ஆவலோடு பார்த்தேன். என்ன இருந்தது? இரண்டு பேர் கையை வீசுகிறார்கள், தடுமாறுகிறார்கள், பின்வாங்குகிறார்கள். மூக்கில் ரத்தம். இரண்டாவது சுற்றோடு நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்று முடித்துவிட்டார்கள். கொக்கும் தெரியவில்லை, தாய்ச்சியும் தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் கட்டிப் புரள்கிற மாதிரிதான் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் போட்டி கிளப்பிய பரபரப்பைப் பார்த்து ஹாங்காங் பத்திரிகை ஒன்று மூன்றே நாளில் வீரசாகசத் தொடர்கதை ஒன்றைத் தொடங்கியது. எழுதியவர் லியாங் யூ-ஷெங். புதிய பாணி வீரசாகச நாவல்களின் பிறப்பு அதுதான் என்று சொல்கிறார்கள். பின்னால் வந்த படங்கள் பலவற்றுக்கு அந்த நாவல்கள்தான் கதை கொடுத்தன. அதாவது, நிஜச் சண்டை சப்பென்று போனது. மக்களுக்கு வேண்டிய சண்டையைக் கற்பனை எழுதிக் கொடுத்தது!

அப்படியானால் நாம் திரையில் பார்க்கிற அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? அதில் பெரும்பகுதி ஆப்பரா மேடையிலிருந்து. தட் தட் என்று நாலு அடி, ஒரு நிறுத்தம், ஒரு முறைப்பு, மறுபடி நாலு அடி. இது முரசுக்கு ஆடுகிற கணக்கு. நிஜச் சண்டையில் எவனும் நின்று முறைக்க நமக்கு நேரம் தர மாட்டான். வேகம் போதாவிட்டால், விநாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய கேமராவைச் சற்றுக் குறைத்து ஓட்டினால் போதும், கை இன்னும் வேகமாகப் பறப்பது போலத் தெரியும். அந்த 'விஷ்', 'டிஷ்யூம்' சத்தம் எல்லாம் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தது. 'ஷாவோலின் டெம்பிள்' (1982) படத்தில் வந்து உலகத்தை மிரட்டிய ஜெட் லீகூட வூஷூ தேசிய சாம்பியன். அந்த வூஷூ என்பது சீன அரசு விதிமுறை வகுத்து வளர்த்த விளையாட்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி, தனியாகச் செய்து காட்டி மார்க் வாங்குவது. எதிரியை அடித்துச் ஜெயிப்பது அல்ல.

நம் எல்லோருக்கும் தெய்வமான புரூஸ்லீயையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தி வே ஆஃப் தி டிராகன்' (1972) படத்தில் கராத்தே சாம்பியன் சக் நாரிஸோடு மோதுகிறார். இரண்டு பேருமே அசல் வீரர்கள். ஆனால் தன் மாணவர்களுக்குப் புரூஸ்லீ கற்பித்தது என்ன? எளிமையாக, நேராக, அலங்காரம் இல்லாமல் அடி. பறந்து பறந்து உதைப்பது கேமராவுக்கு. சொல்லிக் கொடுப்பது வேறு, காட்டுவது வேறு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

அப்படியானால் முடிவாக அது நிஜமா, பொய்யா? நம்ம பாடத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். ஒரு படத்தில் மூன்று சரக்கு இருக்கிறது. ஒன்று பயிற்சி, இன்னொன்று சண்டை, மூன்றாவது 'சக்தி'. பயிற்சி நிஜம். சண்டை ஒரு கலை, நாட்டியம் மாதிரி. அந்தச் 'சக்தி' இருக்கிறதே, ஒரே அடியில் கல் பொடியாவது, உடம்பில் கத்தி இறங்காதது, அதுதான் கலப்படம். நான் என் நண்பனிடம் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி "நிஜம்" என்று கொடுத்துவிட்டேன். அவன் பயிற்சியை விட்டுவிட்டுச் சக்தியை எடுத்துக்கொண்டான்.

இத்தனைக்கும் அந்தப் படமே அவனை எச்சரிக்கிறது. '36த் சேம்பர்' கதாநாயகன் சான் டே, கோயிலில் சேர்ந்ததும் என்ன செய்கிறான்? எடுத்த எடுப்பில் ஆக உயர்ந்த முப்பத்தைந்தாவது அறைக்குப் போகிறேன் என்று போய், தாங்க முடியாமல் வெளியே வந்து விழுகிறான். அப்புறம் அடிமட்டத்திலிருந்து ஆரம்பம். முதலில் தண்ணீரில் மிதக்கிற கட்டை மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சாப்பாட்டுக்குப் போக முடியும். விழுகிறான், நனைகிறான், மறுபடி விழுகிறான். இரண்டு கையையும் நீட்டித் தண்ணீர் வாளி சுமக்க வேண்டும். கையை இறக்கினால் கையில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். மணிக்கட்டு வலுப்பட, நீளக் கழியின் நுனியில் கனம் கட்டி மணி அடிக்க வேண்டும். படத்தின் நடுப்பகுதி முழுக்க இதுதான். வில்லனை அடிப்பது கடைசியில் கொஞ்ச நேரம். இத்தனைக்குப் பிறகும் மூத்த துறவியிடம் தோற்கிறான், மறுபடி தோற்கிறான். மூன்று துண்டுக் கழியைக் கண்டுபிடித்த பிறகுதான் ஜெயிக்கிறான். சான் டே கதைகளிலும் நாவல்களிலும் வளர்ந்த பாத்திரம்தான், அந்தக் கண்டுபிடிப்பும் கதைதான். இருக்கட்டும். ஆனால் தோற்றுத் தோற்றுத்தான் கை தேறும் என்பது கதையா? முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு 'வி' கட்டை ராவுவதற்கு நாம் எத்தனை பீஸைப் பாழாக்கினோம் என்று நினைத்துப் பாருங்கள்!

இதைவிட முக்கியமான ஒரு படம் இருக்கிறது. அதே லாவ் கார்-லியுங் இயக்கிய 'லெஜண்டரி வெப்பன்ஸ் ஆஃப் சைனா' (1982). 1900-ல் சீனாவில் 'பாக்ஸர்' கிளர்ச்சி நடந்தது. அந்நியர் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த ஏழைக் குடியானவர்கள். அவர்களில் பலர், மந்திரமும் சடங்கும் செய்தால் தெய்வம் உடம்பில் இறங்கும், துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று நம்பினார்கள். எட்டு நாட்டுப் படை வந்து இறங்கியது. குண்டு துளைத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவர்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள்.

படத்தில் லாவ் கார்-லியுங்கே நடித்த பாத்திரம், அந்த மாதிரிச் சங்கம் ஒன்றின் தலைவர். குண்டுக்கு முன் எந்த வித்தையும் நிற்காது என்று தெரிந்ததும், தன் பிள்ளைகளைச் சாகக் கொடுக்க மனமில்லாமல் சங்கத்தைக் கலைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறார். துரோகி என்று அவரைக் கொல்ல ஆள் வருகிறது. கடைசிச் சண்டையில் அவரோடு மோதுபவர் நிஜத்திலும் அவருடைய தம்பி லாவ் கார்-விங். பதினெட்டு வகை ஆயுதங்களையும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கையாள்கிறார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அசல் குரு பரம்பரையில் வந்தவர், அந்தப் பதினெட்டு ஆயுதமும் கையில் பழகியவர், அவரே சொல்கிறார்: வித்தையை மதி, மந்திரத்தை நம்பாதே என்று. வித்தை தெரிந்தவனுக்குத்தான் அதன் எல்லை தெரியும். நான் போனில் பத்துப் படம் பார்த்துவிட்டு "எல்லாம் நிஜம்" என்றேன். எல்லை தெரியாதவன் பேச்சு அது.

இப்போது அந்தச் செங்கல் விஷயம். இதில்தான் எனக்கு ரொம்ப வெட்கம். ஏனென்றால் நானும் அவனும் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடம் எழுதிப் பாஸ் செய்தவர்கள்! அவன் ஊர்த் திருவிழாவில் ஒரு மாஸ்டர் செங்கல் உடைத்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறான். அதை அவன் மறுபடி விவரித்தபோதுதான் எனக்கு விளங்கியது. மாஸ்டர் இரண்டு பக்கமும் கல் வைத்து, நடுவில் பாலம் போல ஓட்டையும் செங்கலையும் வைத்திருந்தாராம். அது என்ன? நாம் நோட்டில் ஆயிரம் தடவை போட்ட சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம்! நடுவில் அடி விழுந்தால் அது வளையப் பார்க்கும். மேல்பக்கம் கம்ப்ரஷன், அடிப்பக்கம் டென்ஷன். செங்கல், ஓடு, கான்கிரீட் எல்லாம் கம்ப்ரஷனைத் தாங்கும், டென்ஷனைத் தாங்காது. அடிப்பக்கம் விரிசல் விட்டு உடைந்துவிடும். ஓடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அடுக்கினால் ஒவ்வொன்றாக உடையும், பத்தையும் சேர்த்து உடைக்கிற பலம் வேண்டியதில்லை. அதற்கும் பயிற்சி வேண்டும், துணிச்சல் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் மந்திரம் இல்லை.

என் நண்பன் செங்கல்லைத் துவைக்கிற கல் மேல் படுக்க வைத்தான். அடி முழுக்கத் தாங்கல். வளைய இடமில்லை, டென்ஷன் இல்லை, வெறும் கம்ப்ரஷன். அந்த நிலையில் செங்கல்லைவிட நம் எலும்புதான் முதலில் விட்டுக்கொடுக்கும். பேப்பரில் பத்து மார்க் கேள்விக்கு இரண்டு பேரும் சரியாக எழுதினோம். துவைக்கிற கல் முன்னால் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் பாலம் போட்டு உடைக்கப் போக வேண்டாம். வார்டன் என்னைத்தான் கூப்பிடுவார்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். குங்ஃபூ பேச்சு எடுத்தாலே நம்மில் ஒருவர், "அதைச் சீனாக்காரனுக்குக் கத்துக் கொடுத்ததே நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான்" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிடுகிறார். 2011-ல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இது வேதவாக்காகிவிட்டது. நானும் சொல்லித் திரிந்தவன்தான். தேடிப் பார்த்தால் ஷாவோலின் கோயில் 495-ல், போதிதர்மர் பெயர் அங்கே சேர்வதற்கு முன்பே, பாதுவோ என்கிற வேறொரு இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. போதிதர்மரைத் தென்னிந்திய அரசனின் மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. அதைவிடப் பழையதாகக் கருதப்படும் இன்னொரு குறிப்பு, 547-ஐ ஒட்டி எழுதியது, அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. இரண்டிலும் சண்டை வித்தை பற்றி ஒரு சொல் கிடையாது. ஷாவோலின் துறவிகள் 621-ல் போரில் உதவியதைச் சொல்கிற 728-ஆம் வருஷக் கல்வெட்டிலும் வித்தையை அவர் கற்பித்ததாகப் பேச்சில்லை. அவரை உடற்பயிற்சியோடு முடிச்சுப் போடுகிற 'யீ ஜின் ஜிங்' என்ற நூல் 17-ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. அதன் பழைய முன்னுரைகள் போலி என்று சீன ஆராய்ச்சியாளர்களே காட்டிவிட்டார்கள்.

இதனால் நமக்கு என்ன குறைந்துவிட்டது? ஒன்றும் குறையவில்லை. நம்ம சிலம்பம் சிலம்பமாகவே நிற்கும். அதற்கு ஷாவோலின் கோயில் சர்டிபிகேட் எதற்கு? தனக்குப் பெருமை தருகிற கதை என்றால் மட்டும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வது, துவைக்கிற கல் மேல் செங்கல் வைக்கிற அதே புத்திதான்.

சோதனைக்குப் பயப்படுகிற வித்தை என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணமும் இருக்கிறது. 2017 ஏப்ரலில் சீனாவின் செங்டு நகரில் ஷூ சியாவ்-டோங் என்ற கலப்புச் சண்டை வீரர், வெய் லெய் என்ற தாய்ச்சி ஆசானோடு மோதினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, ஆசான் தரையில். நாடே கொந்தளித்தது. வித்தையை அவமானப்படுத்திவிட்டான் என்று ஷூவைத் திட்டினார்கள். என்னைக் கேட்டால், வித்தையை அவமானப்படுத்தியது அவர் அல்ல. சோதனையே இல்லாமல் சக்தி பேசியவர்கள்தான்.

நண்பர்களே! நான் குங்ஃபூ படம் பார்ப்பதை நிறுத்தவில்லை. இப்போதும் பார்க்கிறேன், முன்பைவிட ரசித்துப் பார்க்கிறேன். லாவ் கார்-லியுங்கின் கால் வைப்பைப் பார்க்கிறேன். ஜாக்கிசான் விழுந்து எழுவதைப் பார்க்கிறேன். "இவன் அடித்தால் எதிரி சாவானா?" என்று இப்போது கேட்பதில்லை. "இந்த உடம்பு இப்படி ஆக எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?" என்று கேட்கிறேன்.

படத்தின் முடிவில் சான் டே ஒன்று செய்கிறான். முப்பத்தைந்து அறையும் துறவிகளுக்கு மட்டும். வெளியே இருக்கிற சாதாரண ஜனங்களுக்கும் வித்தை போக வேண்டும் என்று முப்பத்தாறாவது அறையைத் தொடங்குகிறான். அதனால்தான் படத்துக்கு அந்தப் பெயர். மில் தொழிலாளி மகனும் கூலிக்காரர் மகளும் வந்து கைத்தொழில் பழகுகிற நம்ம ஒர்க்‌ஷாப்பும் எனக்கு அப்படி ஓர் அறையாகத்தான் தெரிகிறது. இங்கேயும் எடுத்த எடுப்பில் உச்சி அறைக்குப் போக முடியாது. இங்கேயும் கேஜ் வைத்து அளந்து பார்த்துத்தான் பீஸ் பாஸ் ஆகும், வாய்ச் சவடாலால் ஆகாது.

என் நண்பன் கை இப்போது நன்றாக இருக்கிறது. இந்த செமஸ்டரில் அரியரை எழுதி, லேத்தில் டேப்பர் டர்னிங் செய்து பாஸ் பண்ணிவிட்டான். வெளியே வந்ததும் கையை நீட்டிக் காட்டி, "இது நிஜம்டா" என்றான்.

ஆமாம்டா. இது நிஜம்.



— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை